சோம்பு: மெல்வதா, கொதிநீரில் ஊறவைப்பதா, தீநீரா, எண்ணெயா?

வயிறு பொருமினால் சோம்பு என்பது வடசென்னையில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டாத வைத்தியம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகும், கடற்கரை ரயில் நிலையப் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டு வந்த இரவிலும், கை தானாகவே அஞ்சறைப் பெட்டிக்குப் போகும். ஆனால் அதே சோம்பு இந்தப் பகுதிக்குள்ளேயே ஐந்தாறு உருவங்களில் விற்கிறது. கொத்தவால் சாவடியைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளில் மூட்டை மூட்டையாக முழுச் சோம்பு. ராசப்பச் செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாகவும், சிறு புட்டியில் அடைத்த எண்ணெயாகவும். யுனானி மருந்து விற்கும் கடைகளில் ‘அர்க் பாதியான்’ என்ற பெயரில் வடித்த நீராக. சவுக்கார்பேட்டையில், சாப்பாட்டுக்குப் பின் மெல்லும் முக்வாஸ் கலவையாகவும் வண்ண மிட்டாயாகவும். எல்லாம் ஒரே செடியிலிருந்து வருவதால் எதை வாங்கினாலும் பலன் ஒன்றுதான் என்று நினைப்பவர்களே மிகுதி. அந்த நினைப்பு சரியல்ல. உருவம் மாறும்போது உடலுக்குள் போகும் வேதிப்பொருள்களும் அவற்றின் அளவும் மாறிவிடுகின்றன. ஒரு கரண்டி சோம்பும் ஒரு கரண்டி சோம்பு எண்ணெயும் ஒரே மருந்தின் சிறிய, பெரிய அளவுகள் அல்ல, பாதுகாப்பு வரம்பே வேறுபட்ட இரண்டு பொருள்கள். எனவே யாருக்கு எது பொருந்தும் என்று முடிவெடுப்பதற்கு முன்னால், அந்தச் சிறு காய்க்குள் என்ன இருக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்துவிட வேண்டும்.

காய்க்குள் ஆறு குழாய்கள்

நாம் விதை என்று சொல்லும் சோம்பு, தாவரவியல் கணக்கில் உலர்ந்த ஒரு முழுக் கனி. ஃபீனிகுலம் வல்கரே என்ற அந்தச் செடி, கேரட், கொத்தமல்லி, சீரகம், ஓமம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. காய்ந்த கனி நீளவாக்கில் இரண்டு பாதிகளாகப் பிரியும்; ஒவ்வொரு பாதியின் முதுகிலும் ஐந்து மேடுகள் ஓடும். ஒரு பாதியைப் புதிய பிளேடால் குறுக்கே சீவி, கைவில்லை ஒன்றின் அடியில் வைத்தால், மேடுகளுக்கு இடையே நான்கும் தட்டையான பக்கத்தில் இரண்டுமாக, பழுப்பு நிறத்தில் ஆறு சிறு துளைகள் தெரியும். இவை காயின் நீளத்துக்கு ஓடும் எண்ணெய்க் குழாய்களின் வெட்டு முகங்கள். சோம்பின் மணமும் மருத்துவப் பெருமையில் பெரும்பகுதியும் இந்த ஆறு குழாய்களுக்குள்தான் அடைபட்டிருக்கின்றன. உடையாத சோம்பைக் கையில் அள்ளினால் மணம் மெல்லியதாக இருப்பதும், ஒன்றைக் கடித்ததும் வாயெல்லாம் நிறைந்துவிடுவதும் இதனால்தான். கீழே வரும் ஒப்பீடு முழுவதும், இந்தக் குழாய்களை உடைப்பது எது, உடைந்தபின் எண்ணெய் எங்கே போகிறது என்ற கேள்வியைச் சுற்றியே அமைகிறது.

அந்த ஆவியாகும் எண்ணெயின் அளவும் கலவையும் வகைக்கு வகை மாறுபடும். ஐரோப்பிய மருந்தியல் நூலின் தரக்கோட்பாடு சோம்பை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. இனிப்பு வகையில் கிலோவுக்குக் குறைந்தது 20 மில்லி எண்ணெயும், அந்த எண்ணெயில் குறைந்தது 80 விழுக்காடு அனெத்தோலும் இருக்க வேண்டும். கசப்பு வகையில் கிலோவுக்கு 40 மில்லி எண்ணெய், அதில் 60 விழுக்காடு அனெத்தோல், 15 விழுக்காட்டுக்குக் குறையாத ஃபென்சோன். நம் மளிகைக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் இனிப்பு வகை.

அனெத்தோல்தான் சோம்பின் இனிப்புக்குக் காரணம். சர்க்கரையைவிட ஏறத்தாழ 13 மடங்கு இனிப்பானது என்பதால், ஒரு சிட்டிகை சோம்பே நாக்கை நிறைத்துவிடுகிறது. பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவின் எண்ணெயிலும் இதே பொருள்தான் தலைமை வகிக்கிறது. ஃபென்சோன் கற்பூர வாடையும் கசப்பும் கொண்டது. மூன்றாவதாக வரும் எஸ்ட்ரகோல், அனெத்தோலுக்கு அணுக்கணக்கில் இரட்டைப் பிறவி. இணைப்பு ஒன்று இடம் மாறியிருப்பது மட்டுமே வேறுபாடு. ஆனால் எலிகளுக்கு மிக அதிக அளவில் கொடுத்தபோது கல்லீரலில் கட்டிகளை உண்டாக்கியது இந்த எஸ்ட்ரகோல்தான். அதனால்தான் மேற்சொன்ன தரக்கோட்பாடு இனிப்பு வகை எண்ணெயில் அது 10 விழுக்காட்டையும், கசப்பு வகையில் 5 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டுகிறது. உணவில் சேரும் சோம்பால் மனிதர்களுக்கு அத்தகைய கேடு விளைந்ததாகச் சான்று இல்லை. அதற்காக, ‘இயற்கைப் பொருள்தானே’ என்று அளவில்லாமல் ஆண்டு முழுவதும் குடிக்கலாம் என்றும் ஆகிவிடாது.

தேர்வுக்கு உதவும் அனெத்தோலின் இயல்புகள் மூன்று. தண்ணீரில் அது மிகமிகக் குறைவாகவே கரையும். கொழுப்பிலும் ஆல்கஹாலிலும் எளிதாகக் கரையும். இரண்டாவது, ஏறத்தாழ 20 டிகிரி வெப்பத்துக்குக் கீழே அது உறைந்துவிடும். நம் ஊர்ச் சமையலறையில் அந்தக் குளிர் வருவதில்லை என்றாலும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்த எண்ணெய்ப் புட்டியில் வெள்ளைப் படிகங்களைக் கண்டு கலப்படம் என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. உண்மையில் அது எண்ணெயில் அனெத்தோல் நிறைந்திருப்பதன் அடையாளம். மூன்றாவது, வெளிச்சமும் காற்றும் அதற்கு ஆகா. காற்றில் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து அனிசால்டிஹைடாக மாறும். புற ஊதாக் கதிர் பட்டால் அதன் மூலக்கூறு வடிவம் திரும்பி, நச்சுத்தன்மை கூடிய வேறோர் அனெத்தோலாகிவிடும்.

எண்ணெய் போக மீதமிருப்பதும் வெறும் சக்கையல்ல. குவெர்செட்டின், கேம்ஃபெரால் முதலிய ஃபிளேவனாய்டுகளும், ரோஸ்மரினிக், குளோரோஜெனிக் அமிலங்களும் சோம்பில் உள்ளன. இவற்றின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றல் ஆய்வகங்களில் பலமுறை காட்டப்பட்டிருக்கிறது. 100 கிராமில் ஏறத்தாழ 40 கிராம் நார்ச்சத்து, 15 கிராமுக்கு நெருக்கமாகக் கொழுப்பு (அதில் பெரும்பங்கு இந்தக் குடும்பத்துக்கே உரிய பெட்ரோசெலினிக் அமிலம்), 1,196 மில்லிகிராம் கால்சியம், 18.5 மில்லிகிராம் இரும்பு. இந்தக் கால்சியக் கணக்கை எடுத்துக்கொண்டு ‘பாலை மிஞ்சும் சோம்பு’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுகிறார்கள். நூறு கிராம் சோம்பை யார் தின்கிறார்கள்? ஒரு தேக்கரண்டி என்பது சுமார் 2 கிராம்; அதில் வரும் கால்சியம் 24 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலுக்கு ஈடுகட்டப் பத்துத் தேக்கரண்டி மெல்ல வேண்டும். ஆக, சோம்பை மருந்தாகக் கருதலாம், மணப்பொருளாகக் கருதலாம்; சத்துணவாகக் கருதுவதில் பொருளில்லை.

மருந்தாக அது செய்வது எது

சித்த மருத்துவம் சோம்பைக் குன்மம், பொருமல், மந்தம், இரைப்பு ஆகியவற்றுக்குச் சொல்கிறது. நவீன ஆய்வுகளில் வலுவாக நிற்பதும் கிட்டத்தட்ட அதே திசைதான். சோம்பு எண்ணெய் குடலின் மென்தசை இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அடைபட்ட வாயு நகர்கிறது, பிடிப்பு குறைகிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றுவலியால் விடாமல் அழும் 2 முதல் 12 வார வயதுக் குழந்தைகளுக்கு, மிக மெல்லிய 0.1 விழுக்காட்டுச் சோம்பு எண்ணெய்க் கரைசல் கொடுக்கப்பட்டது. மருந்து பெற்றவர்களில் 65 விழுக்காட்டினருக்கு அழுகை, நோய் என்று கருதும் வரையறைக்குக் கீழே இறங்கியது, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாப் போலிக் கரைசல் பெற்றவர்களில் 24 விழுக்காட்டினருக்கு மட்டுமே. மாதவிடாய் வலிக்கு ஈரானில் பல சிறு ஆய்வுகள் நடந்துள்ளன; மெஃபெனமிக் அமில வலி மாத்திரைக்கு அருகே வருவதாகச் சில சொல்கின்றன, ஆனால் மாதவிடாய் வலிக்கான துணை உணவுப்பொருள்களை 2016இல் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் குழு, சான்றுகளின் தரம் தாழ்வு என்றே எழுதியது. அதே ஆண்டில், எரிச்சல் குடல் நோய் உள்ள 121 பேரிடம் இத்தாலியில் நடந்த ஆய்வில் சோம்பு எண்ணெயும் மஞ்சளின் குர்குமினும் சேர்ந்த மாத்திரை 30 நாளில் வலியைக் குறைத்தது. இரண்டும் சேர்ந்திருந்ததால் பெருமையைச் சோம்புக்கு மட்டும் எழுத முடியாது.

நம் ஊர் ஆய்வு ஒன்றையும் இங்கே சொல்லலாம். குரோம்பேட்டையில் இயங்கும் ஏயூ-கேபிசி ஆய்வு மையத்தினர் 2012இல் வெளியிட்ட கட்டுரையில், சாப்பாட்டுக்குப் பின் மெல்லும் பிற விதைகளைவிடச் சோம்பில் நைட்ரைட் அதிகம் என்றும், மென்றவர்களின் உமிழ்நீரில் நைட்ரைட் கூடியது என்றும், அது இரத்தக் குழாய்களைத் தளர்த்தக்கூடும் என்றும் காட்டினார்கள். ஆய்வகத்தில் கிடைத்த சுவையான முடிவு அது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுச் சோம்பு மெல்ல அது அனுமதிச் சீட்டு அல்ல. சர்க்கரை நோய், உடல் எடை, புற்றுநோய் என்று சோம்பின் மேல் ஏற்றப்படும் மற்றவை பெரும்பாலும் எலிகளிலும் கண்ணாடிக் குடுவைகளிலும் நின்றுவிட்டவை.

உருவங்களை ஒப்பிடுதல்

முதலில் மெல்லுதல். ஆறு குழாய்களையும் உடைப்பது பல். எண்ணெய் வெளிவந்த கணமே உமிழ்நீரிலும், சற்று முன் உண்ட உணவின் கொழுப்பிலும் கலக்கிறது. ஆவியாகி வீணாவதற்கு நேரமில்லை. நார்ச்சத்தும் ஃபிளேவனாய்டுகளும் சேர்ந்தே உள்ளே போகின்றன. அளவும் தானாகவே கட்டுக்குள் இருக்கும், ஏனென்றால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் மெல்ல யாருக்கும் மனம் வராது. வாய் நாற்றம், சாப்பிட்டவுடன் வரும் லேசான பாரம் ஆகியவற்றுக்கு இதற்கு மேல் ஒன்றைத் தேடத் தேவையில்லை என்பது என் கருத்து. குறை இரண்டு: பல் இல்லாத பெரியவர்களுக்கு இது உதவாது; உண்மையான பிடிப்பு வலி வந்தபோது, இளஞ்சூடான பானம் தரும் இதம் இதில் இல்லை.

இரண்டாவது, கொதிநீரில் ஊறவைத்துக் குடிப்பது. வீடுகளில் அதிகம் செய்வதும் இதுதான், அதிகம் கெடுப்பதும் இதைத்தான். வழக்கம் என்னவென்றால், முழுச் சோம்பைத் தண்ணீரில் போட்டு, மூடாமல், பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிடுவது. இதில் இரண்டு தவறுகள் நேர்கின்றன. உடையாத காயின் குழாய்களிலிருந்து எண்ணெய் வெளிவரத் தடுமாறுகிறது. தடுமாறி வெளிவந்ததும் தண்ணீரில் கரைய மாட்டாமல் நீராவியோடு கிளம்பிச் சமையலறையை மணக்கச் செய்துவிட்டுப் போய்விடுகிறது. தெரு முனை வரைக்கும் மணந்தால் மருந்து நன்றாக இறங்கியிருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இறங்க வேண்டிய மருந்துதான் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. டம்ளரில் மிஞ்சுவது நிறமும், கரையும் அமிலங்களும், கொஞ்சம் துவர்ப்பும்.

ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு வயது வந்தோருக்குச் சொன்ன முறை வேறு: 1.5 முதல் 2.5 கிராம் வரை சோம்பை அப்போதே நசுக்கி, கால் லிட்டர் கொதிநீரை அதன்மேல் ஊற்றி, 15 நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுவது. நாளுக்கு மூன்று முறை. இரண்டு வாரத்துக்குள் குணமாகாவிட்டால் மருத்துவரிடம் போவது. நம் வீட்டுக் கணக்கில் ஒரு தேக்கரண்டியைச் சிறு உரலில் நாலு இடி இடித்தால் போதும், மாவாக்க வேண்டியதில்லை; காய் இரண்டாகவும் மூன்றாகவும் உடைந்தால் குழாய்கள் திறந்துவிடும். அடுப்பை அணைத்தபின் நீரை ஊற்றி, எவர்சில்வர் தட்டால் இறுக மூடிவைக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கும்போது அதன் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும்; அதை நுகர்ந்து பார்த்தால் கீழே இருக்கும் பானத்தைவிட மணம் தூக்கலாக இருப்பது தெரியும். ஓடப் பார்த்த எண்ணெய் அங்கேதான் தங்கியிருக்கிறது. தட்டைச் சாய்த்து அந்தத் துளிகளைப் பானத்துக்குள்ளேயே விழச்செய்ய வேண்டும். இப்படிச் செய்தாலும் எண்ணெய் முழுவதும் நீருக்குள் வந்துவிடாது. ஒரு வகையில் அது நல்லதே: அனெத்தோல் அளவாக வரும்போது எஸ்ட்ரகோலும் அளவாகவே வருகிறது, நீரில் கரையும் ஃபிளேவனாய்டுகள் மட்டும் தாராளமாக இறங்குகின்றன. பொருமலும் பிடிப்பும் உள்ள வயது வந்தவர் ஒருவருக்கு, எல்லா உருவங்களிலும் இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

இரவில் குளிர்ந்த நீரில் ஊறப்போட்டுக் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் சோம்புத் தண்ணீர் இப்போது பரவியிருக்கிறது. உடையாத காயிலிருந்து குளிர்ந்த நீர் எடுக்கும் எண்ணெய் சொற்பம். எடை குறைவதற்கு அதில் நம்பத்தக்க காரணம் எதுவும் இல்லை. காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பலன் நிச்சயம் உண்டு.

பொடியைப் பொறுத்தவரை, அரைத்த அன்று அது மெல்லுதலுக்கு நிகர், சில வேளை அதைவிட மேல். மோரிலோ நெய்ச் சோற்றிலோ கலந்தால் கொழுப்பு அனெத்தோலைத் தாங்கிக்கொள்ளும், பல் இல்லாதவர்களுக்கும் வழி பிறக்கும். ஆனால் அரைத்தபின் எண்ணெய்க்குக் காவல் இல்லை. பிளாஸ்டிக் பொட்டலத்தில், கடை வாசல் வெயிலில், எப்போது அரைத்தது என்றே தெரியாமல் தொங்கும் பொடியில் நாருக்குத்தான் காசு கொடுக்கிறோம். இடிக்க எளிதாக இருக்கும் என்று லேசாகச் சூடுகாட்டுவதில் தவறில்லை. சிவக்க வறுத்தால் சுவை கூடும், எண்ணெய் குறையும்.

தீநீர் என்று சித்த மருத்துவத்திலும் அர்க் என்று யுனானியிலும் சொல்லப்படும் வடிநீர், மேலே சொன்ன ஆவியின் தப்பியோட்டத்தையே மருந்தாக்கும் முறை. சோம்பை ஊறவைத்துக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கிறார்கள். ஆவியோடு வரக்கூடியவை மட்டுமே அதில் இருக்கும்: நீரில் கரையும் எல்லைக்குட்பட்ட அனெத்தோல், ஃபென்சோன், எஸ்ட்ரகோல். ஃபிளேவனாய்டுகளோ தாது உப்புகளோ நாரோ இராது. சர்க்கரையும் இராது என்பது நீரிழிவுக்காரர்களுக்குச் சாதகம். உடனே குடிக்கத் தயாராக இருப்பதும், கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதும் இதன் வசதி. ஆனால் நான் பார்த்த புட்டிகள் எதிலும் எண்ணெயின் அளவு எழுதப்படவில்லை. வடித்தவரின் கைப்பக்குவத்தைப் பொறுத்து ஒன்று மணக்கும், மற்றொன்று வெறும் நீராகவே இருக்கும். திறந்து பல நாள் ஆன புட்டியை வீசிவிடலாம். தயாரித்த தேதியும் உரிம எண்ணும் உள்ள, நம்பிக்கையான இடத்தில் வாங்கியதென்றால், ஊறவைத்த பானத்துக்கு அடுத்த இடத்தில் இதை வைப்பேன்.

எண்ணெய்க்கு வருவோம். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தாலே போதும். கிலோவுக்கு 20 மில்லி என்று வைத்தால், 2 கிராம் சோம்பில் இருக்கும் எண்ணெய் 0.04 மில்லி, புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லி. அதாவது ஒரு தேக்கரண்டி சோம்பில் இருப்பது ஒரு சொட்டுக்கும் குறைவு. 5 மில்லி கொள்ளும் சிறு புட்டி கால் கிலோ சோம்புக்குச் சமம். கை தவறி நாலைந்து சொட்டு விழுந்தாலே, மென்று தின்ன முடியாத அளவு உள்ளே போய்விடும். எஸ்ட்ரகோலும் அதே வீதத்தில் போகும். இத்தகைய எண்ணெயால் வலிப்பு வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. மேலும், கடையில் விற்கும் புட்டிகளில் பல வாசனைப் பொருளாக விற்கப்படுபவை. உள்ளுக்குச் சாப்பிடும் தரம் என்று அவற்றில் எழுதியிருக்காது. தெளிந்த கண்ணாடிப் புட்டியில், விளக்கு வெளிச்சத்தில் மாதக்கணக்கில் நின்றதென்றால், அனெத்தோலின் நிலை என்னவென்று மேலே பார்த்தோம். வீட்டு மருந்துப் பெட்டியில் இதற்கு இடமே வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

வண்ண மிட்டாயை மருந்தாக எண்ணுபவர்கள் குறைவு. சர்க்கரைப் பூச்சும் சாயமும் போகச் சோம்பு எத்தனை மிஞ்சும் என்று எண்ணினால் போதும்.

சோம்புக்குப் பதில் ஓமமோ சீரகமோ எடுக்கலாமே என்ற கேள்வியும் வரும். ஓமத்தின் வலிமை தைமால். காரம் அதிகம், வயிற்றில் எரிச்சல் உள்ளவர்களுக்கு ஒத்துவராது. சீரகத்தில் குமினால்டிஹைடு, மணம் வேறு, பயன் ஓரளவு இதே திசை. வயிறு புண்ணாக இருப்பவருக்கும் இனிப்பு விரும்பும் நாக்குக்கும் சோம்பு மென்மையானது.

யாருக்கு எது

மாதவிடாய் வலிக்கு நசுக்கி ஊறவைத்த பானத்தை முதல் இரண்டு மூன்று நாள்கள் முயன்று பார்க்கலாம். ஒத்தடத்துக்கும் ஓய்வுக்கும் அது துணை, வலி மாத்திரைக்குத் தடையல்ல. வலி மாதாமாதம் படுக்கவைக்கிறது என்றால், சோம்பைத் தேடுவதைவிட மகளிர் மருத்துவரைத் தேடுவது முறை. சோம்புக்கு ஈஸ்ட்ரோஜனை ஒத்த மெல்லிய செயல் உண்டு என்று கருதப்படுவதால், மார்பகம் அல்லது கருப்பை தொடர்பான புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் மருந்தளவில் எடுக்காமல் இருப்பது நல்லது. துருக்கியில் நீண்ட நாள் சோம்புப் பானம் கொடுக்கப்பட்ட சிறுமிகளுக்கு வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்ததை 2008இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கொடுப்பதை நிறுத்தியபின் அது தணிந்தது.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குழம்பிலும் குருமாவிலும் போடும் சோம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பால் ஊறும் என்று ராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குச் செம்பு செம்பாகச் சோம்புத் தண்ணீர் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. பால் கூடுகிறது என்பதற்கான சான்று மெலிந்தது. சோம்பும் அதிமதுரமும் பிற மூலிகைகளும் சேர்ந்த பானத்தை நாளுக்கு லிட்டர் கணக்கில் குடித்த தாய்மாரின் சிசுக்கள் சோர்ந்து, பால் குடிக்கத் திணறியதை இத்தாலிய மருத்துவர்கள் 1994இல் எழுதினார்கள். தாய்மார் நிறுத்தியதும் பிள்ளைகள் தேறினார்கள். ஒருவேளைக்கு ஒரு டம்ளர் ஆசைக்குக் குடிப்பது வேறு, தாகத்துக்குத் தண்ணீராகவே அதைக் குடிப்பது வேறு.

கைக்குழந்தை விஷயத்தில்தான் வீட்டுப் பெரியவர்களோடு வாக்குவாதம் வரும். உரை மருந்து, ஓம வாட்டர், அதோடு சோம்புத் தண்ணீர் என்று ஒரு வரிசையே தயாராக இருக்கும். ‘உன்னை வளர்த்ததும் இதைக் கொடுத்துத்தான்’ என்று ஆயா சொல்லும்போது எதிர்த்துப் பேசுவது எளிதல்ல. ஆயினும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தெளிவான பரிந்துரை. நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சோம்பு மருந்தை ஐரோப்பிய முகமை பரிந்துரைப்பதில்லை. 2003 ஆய்வில் கொடுத்தது அளந்து தயாரித்த கரைசல். அடுப்பில் காய்ச்சிய நீரின் செறிவு நேற்றைக்கும் இன்றைக்கும் ஒன்றாக இராது, கொதித்த பாத்திரம் சுத்தமாக இருந்ததா என்ற கேள்வியும் சேரும். எனவே அந்த ஆய்வு சோம்பின் ஆற்றலுக்குச் சான்று, வீட்டு முறைக்குச் சான்று அல்ல. குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் எடுக்கவைப்பதற்கும், அழுகை நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுவதற்கும் மாற்றாக எந்த உருவத்தையும் நான் ஏற்க மாட்டேன்.

கேரட், செலரி போன்றவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சோம்பும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை எடுப்பவர்கள் அந்த நாள்களில் சோம்பு மருந்தை நிறுத்திவைப்பது நல்லது. எலிகளில் செய்த ஆய்வு, சோம்பு அந்த மருந்தை உடல் ஏற்கும் அளவைக் குறைத்துவிடுகிறது என்று காட்டியது. சோம்பின் தாது உப்புகள் மருந்தைப் பிடித்துக்கொள்வதே காரணமாகச் சொல்லப்படுகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் நெஞ்சில் எது வலித்தாலும் வாயு என்றே பெயர். நெஞ்சு இறுக்கம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அடுப்பில் நீர் வைக்கும் நேரத்தைக்கூடச் செலவிடக் கூடாது; 108ஐ அழைக்க வேண்டும், அல்லது ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். எடை குறைதல், மலத்தில் இரத்தம், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவையும் சோம்பின் எல்லைக்கு வெளியே நிற்பவை.

வாங்கும்போது

கடையில் இரண்டு ரகம் கண்ணில் படும். லக்னோ சோம்பு எனப்படுவது மெலிந்து, பச்சையாக, இளசாகப் பறித்தது. நார் குறைவு, மெல்ல இனிமையானது. மற்றது முற்றிப் பருத்து, மஞ்சள் கலந்த பச்சையாக, மேடுகள் தெளிவாகத் தெரிவது. சமையலுக்கும் ஊறவைப்பதற்கும் இது போதும், விலையும் குறைவு. மின்னும் பச்சையைக் கண்டு மயங்க வேண்டாம்: ஈரமான வெள்ளைத் துணியில் ஒரு பிடியை வைத்துத் தேய்த்தால், சாயம் ஏற்றியது துணியில் பச்சையாக இறங்கும். இன்னொரு மோசடி, எண்ணெய் வடித்து எடுத்தபின் சக்கையைக் காயவைத்து விற்பது. அது கருத்து, சுருங்கி, பார்த்தால் சோம்பாகவும் கடித்தால் வைக்கோலாகவும் இருக்கும். எனவே மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து வாங்குவதே சிறந்த சோதனை; நாக்கில் முதலில் இனிப்பு, பின்னர் லேசான கற்பூரக் குளிர்ச்சி தெரிய வேண்டும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு முறைக்கு நூறு கிராம் போதும். கண்ணாடி ஜாடியானாலும் எவர்சில்வர் டப்பாவானாலும் இறுக மூடி, அடுப்புக்கும் சன்னலுக்கும் தள்ளி, அலமாரிக்குள் வைக்க வேண்டும். இடிப்பது எப்போதும் தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவுக்கு மட்டும்.